உறவுமுறை வாசிக்கும் நேரம்

ஜெனிற்றா அடுப்படியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். அதே நேரம், அடுப்படிச் சுவரில் இருந்த கேட்பான் என்கிற வானொலிப் பெட்டிக்குள் ஜெனிற்றா காலைச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். திருவுகிற ஜெனிற்றாவுக்குத் தடிமன். மூக்கை முழங்கையால் துடைத்துத் துடைத்து வேலை செய்தாள். வாசிக்கிற ஜெனிற்றாவுக்கு ஒரு குறையும் இல்லை. தேன் தடவின குரல்.

முரல்துறையில் இதைக் கண்டு யாரும் வாயைப் பிளப்பதில்லை. வானொலியை லோங்பெய் குழுமம் வாங்கிய வருடமே வாசிப்பாளர்கள் எல்லோருடைய குரலையும் படி எடுத்துவிட்டார்கள். குரற்படி என்று அதற்குப் பெயர். ஒருமுறை எடுத்தால் போதும், பிறகு ஆள் தூங்கினாலும் குரல் வேலைக்குப் போகும். லோங்பெய் சீனத்துக் குழுமம். துறைமுகம் அவர்களுடையது, மீன் வைக்கிற குளிர்களஞ்சியம் அவர்களுடையது, ஊருக்கு வருகிற மின்சாரம் அவர்களுடையது, காலையில் காதுக்கு வருகிற செய்தியும் அவர்களுடையது. கேட்பான் ஓடிக்கொண்டிருக்கிற வீட்டுக்கு மின்கட்டணம் பாதி. அப்படியிருக்க அதை எவன் நிறுத்துவான்? கலியாண வீட்டிலும் ஓடும், செத்த வீட்டிலும் ஓடும்.

"கடற்சீற்றம் காரணமாக நேற்று மாலை முரல்துறை மீனவர் ஒருவர் உயிரிழந்தார்," என்றது சுவர். "குழுமம் இலவசமாக வழங்கும் மிதப்பு அங்கிகளை அணிந்து கடலுக்குச் செல்லுமாறு மீனவச் சகோதரர்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். நம் துறைமுகம் இந்த மாதம் புதிய சாதனை படைத்துள்ளது..."

பாயில் படுத்திருந்த அவள் கணவன் றொபின் எழுந்து உட்கார்ந்தான். நான்கு நாள் காய்ச்சல் அவன் கன்னத்தை உள்ளே தள்ளியிருந்தது.

"இஞ்சேர். நேற்றுக் கடல் எப்பிடி இருந்தது?"

"குளம் மாதிரி."

"உன்ர குரல் சீற்றமெண்டு சொல்லுது."

"அது என்ர குரல். நான் இல்லை."

"ஊருக்கு அந்த வித்தியாசம் தெரியுமோ?" என்றான் றொபின்.

தெரியாது. அதுதான் ஜெனிற்றாவின் நெஞ்சை அறுத்தது. செத்தவன் டெனிஸ்ரன், றொபினோடு ஒரே படகில் பாதிப்பங்கு வைத்துத் தொழில் செய்தவன். றொபினுக்குக் காய்ச்சல் என்று நேற்றுத் தனியாகப் போனான். படகு இரண்டாகப் பிளந்து கரையொதுங்கியது. சீற்றமாம்!

நடந்தது என்னவென்று கரையில் நின்றவர்களுக்குத் தெரியும். துறைமுகச் சுவர் எழும்பிய பிறகு குடாவிலிருந்து வெளிக்கடலுக்குப் போக ஒரே ஒரு வாய்தான் மிச்சம். அதே வாயால்தான் ஆளில்லாக் கப்பல்களும் வரும். உள்ளே மனிதர் இல்லாத கப்பலுக்கு விளக்கு எதற்கு, ஊதுகுழல் எதற்கு என்று குழுமம் இரண்டையும் விட்டுவிட்டது. மலை மாதிரி ஒன்று சத்தமில்லாமல் வந்து தலைக்கு மேல் நிற்கும்போதுதான் படகில் இருப்பவனுக்குத் தெரியும். கப்பலுக்கு அவன் தெரிவதேயில்லை.

"அடக்கம் முடிஞ்சதும் என்ர அண்ணற்றை படகை வாங்கிக்கொண்டு இறங்கப்போறன்," என்றான் றொபின்.

"உங்களுக்கு என்ன விசரா?"

"வேறை என்ன செய்யச் சொல்லுறாய்? வீட்டிலை இருந்து உன்ர குரலைக் கேட்டுக்கொண்டிருக்கவோ?"

அவன் கோபத்தில் சொல்லவில்லை. அதனால் இன்னும் கூடச் சுட்டது. ஜெனிற்றா தேங்காய்ப்பூவை அப்படியே வைத்துவிட்டு, முகம் கழுவி, கறுப்புச் சேலை உடுத்துக்கொண்டு நிலையத்துக்குக் கிளம்பினாள். இன்று அவள் வாயால் வாசிக்க வேண்டிய நாள்.

ஆம், ஊரில் ஒன்றே ஒன்றை மட்டும் இன்னும் ஆள்தான் வாசிக்க வேண்டும். மரண அறிவித்தல். அதற்கு ஒரு கதை உண்டு.

குழுமம் வானொலியை வாங்கிய புதிதில் மரண அறிவித்தலையும் குரற்படியிடம் கொடுத்தார்கள். நிலையத்தில் இதமாக்கி என்று ஒரு பொறி உண்டு. அது எதையும் தடைசெய்யாது. பொய்யும் சொல்லாது என்று அவர்கள் சொல்வார்கள். கேட்கிறவருக்கு மனக்கஷ்டம் வராதபடி சொற்களைக் கொஞ்சம் இதமாக்கும், அவ்வளவுதான். வேலைநிறுத்தம் நடந்தால் 'ஊழியர்கள் ஓய்வெடுத்தனர்' என்று வரும். அந்த இதமாக்கி அன்றைக்கு உப்பாற்றடி அந்தோனிக் கிழவரின் அறிவித்தலையும் இதமாக்கியது. உறவுமுறை நீளமாக இருக்கிறதென்று மருமக்களை எல்லாம் வெட்டி, 'குடும்பத்தினரின் அன்புக்குரியவர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது.

முடிந்தது கதை. துறைமுகத்துக்கு நிலம் போனபோது முணுமுணுத்ததோடு நின்ற சனம், மருமக்களை விட்டதற்கு மண்வெட்டியோடு வந்தது. மூத்த மருமகன் தன்னை மாமியார்தான் வேண்டுமென்று விடச்சொன்னார் என்று வீட்டை விட்டே போய்விட்டான். இரண்டு நிச்சயதார்த்தம் குழம்பியது. எங்கள் சனத்துக்குச் செத்தவனின் உறவுமுறையில் ஒரு பெயர் விடுபடுவதென்பது, இருக்கிறவனை உயிரோடு புதைப்பது மாதிரி. அதேபோலப் பெயர் வந்துவிட்டால் வரவும் வேண்டும். கனடாவில் இருப்பவனும் விமானம் ஏறவேண்டும். அடுத்த ஊரில் இருப்பவன் வராவிட்டால் அதோடு உறவு அறுந்தது. சீனத்து அதிகாரிகள் மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். கடைசியில் குழுமத் தலைவரே வந்து மன்னிப்புக் கேட்டு உடன்படிக்கை எழுதினார்: அறிவித்தலை உயிருள்ள வாய்தான் வாசிக்கும், உறவுமுறையில் குழுமம் ஒருநாளும் கைவைக்காது.

பதிலுக்கு அவர்களும் ஒன்று கேட்டு வாங்கினார்கள். அறிவித்தலில் பெயர், ஊர், உறவு, அடக்கம் இவ்வளவுதான் வரலாம். எப்படிச் செத்தான், எங்கே செத்தான் என்பது வரக்கூடாது. வந்தால்? ஒலிவாங்கிக்கும் காற்றுக்கும் இடையில் ஒரு மூச்சு நேரம் இதமாக்கி காது கொடுத்துக்கொண்டிருக்கும். வேண்டாத சொல் வந்தால் குரற்படி அந்த இடத்திலேயே உள்ளே புகுந்து மிச்சத்தை வாசித்துவிடும். ஜெனிற்றா ஒன்று சொல்ல, ஊர் அவள் குரலிலேயே வேறொன்றைக் கேட்கும். அப்படிச் செய்கிறவரின் வேலை போகும், குரல் மட்டும் குழுமத்தோடே தங்கி வாசித்துக்கொண்டிருக்கும்.

நிலையத்து வாசலில் மரீனா நின்றாள். டெனிஸ்ரனின் மனைவி. இரவு முழுக்க அழுத கண் வீங்கி, ஆனால் தலை வாரி நேராக நின்றாள்.

"உள்ளை வாங்கோ மச்சாள்," என்றாள் ஜெனிற்றா. உறவில்லை, ஒரே படகுக்காரர் வீட்டுப் பெண்கள் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

மரீனா கதிரையில் உட்கார்ந்தாள். "எழுது. முரல்துறையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட சூசைப்பிள்ளை டெனிஸ்ரன், கப்பல் மோதி..."

ஜெனிற்றாவின் கை நின்றது. "மச்சாள், அது ஏலாது."

"ஏன் ஏலாது? மோதினதுதானே?"

"நான் சொன்னாலும் சனத்துக்குக் கேளாது. அந்த இடத்திலை பெட்டி வந்து சீற்றமெண்டு சொல்லும். என்ர குரலிலைதான் சொல்லும்."

மரீனா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப நீயும் பெட்டியும் ஒண்டுதான் எண்டு சொல்லு."

இந்தச் சொல்லை ஜெனிற்றா முதல்முறை கேட்கவில்லை. தாழைக்குடாவிலிருந்து ஒரு தகப்பன் இதே கதிரையில் இருந்து இதையே கேட்டார். கோரைமுனையிலிருந்து ஒரு தாய். சிப்பித்திடலிலிருந்து கலியாணமாகி ஒரு வருடம் ஆகாத ஒருத்தி. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு ஆளைமட்டும்தான் கப்பல் அடித்தது என்று நினைத்தார்கள்; நட்டஈடு வாங்கும்போது வாய்திறப்பதில்லை என்று கையெழுத்தும் போட்டார்கள். எல்லாச் சாவும் வந்து சேர்ந்த ஒரே காது ஜெனிற்றாவின் காது. ஒருமுறை சந்தையில் நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தாள். "என்ன பிள்ளை உளறுறாய்? காலமை நீதானே சீற்றமெண்டு வாசிச்சனி!" என்று சிரித்தார்கள். தன் குரலே தனக்கு எதிர்ச்சாட்சி. யாரிடம் போய் முறையிடுவது?

"உறவைச் சொல்லுங்கோ," என்றாள் ஜெனிற்றா.

மரீனா கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். காலஞ்சென்ற சூசைப்பிள்ளை, லூர்தம்மா தம்பதியரின் அன்பு மகன். மரீனாவின் பாசமிகு கணவர். பிள்ளைகள். நோர்வேயில் ஒரு அண்ணன். மைத்துனர்மார், வயதுப்படி. எல்லாம் முடிந்து பேனாவை மூடப்போகும்போது, "பொறு," என்றாள். "ஹூ ஜியனையும் போடு."

"ஆர்? அந்தச் சீனப் பெடியனையோ?"

"ஓம். தம்பியெண்டுதான் என்ர மனுசன் கூப்பிடுவார். கிழமையிலை நாலு நாள் என்ர வீட்டிலைதான் சாப்பாடு. உறைப்புக் கூடிப்போனால் மூக்குச் சிந்திச் சிந்திச் சாப்பிடும்."

ஹூ ஜியன் துறைமுகத்தில் மிதவை திருத்துகிறவன். சின்னத் திருத்தப்படகில் போகும்போது போன மாரியில் அவனையும் ஒரு கப்பல் அடித்தது. அந்தச் சாவுக்கு அறிவித்தல்கூட இல்லை. 'சேவையை முடித்து மகிழ்வுடன் நாடு திரும்பினார்' என்று ஜெனிற்றாவின் குரலில் ஒரு வரி வந்தது. டெனிஸ்ரன்தான் மூழ்கித் தேடி அவனை மேலே கொண்டுவந்தவன்.

"அவன்ர பேர் ஒருத்தற்றை வாயிலையும் வரேல்லை. இவற்றை பேரோடையாவது வரட்டும்," என்றாள் மரீனா.

ஜெனிற்றா எழுதினாள்: ஹூ ஜியனின் அன்பு அண்ணனும். எழுதிய வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உறவுமுறையில் யாரும் கைவைக்க முடியாது. இதமாக்கியும் முடியாது, குழுமத் தலைவரும் முடியாது. தாங்களே எழுதிக் கையெழுத்து வைத்தது.

"மச்சாள்," என்றாள் மெல்ல. "ஹூ ஜியன் தம்பியெண்டால், அவனை அடிச்ச மாதிரியே அடிபட்ட மற்றவை?"

"எந்த மற்றவை?"

ஜெனிற்றா சொன்னாள். தாழைக்குடா, கோரைமுனை, சிப்பித்திடல், உப்பாற்றடி. பெயர் பெயராகச் சொன்னாள். கேட்கக் கேட்க மரீனாவின் வீங்கிய கண் இன்னும் பெரிதாகத் திறந்தது.

"இவ்வளவு பேரோ!" என்றாள். "எனக்கு ஒருத்தரையும் தெரியாது."

"தெரியாதவையை எப்பிடிச் சகோதரம் எண்டு போடுறது எண்டுதான்..."

"ஒரே வாயிலை செத்தவங்கள் சகோதரம் இல்லாமல் வேறை என்ன?" மரீனா மேசையைத் தட்டினாள். "போடு எல்லாரையும்! ஊர்ப்பேரோடை போடு."

எழுதிய தாளை வாசிக்கும் முன் மேற்பார்வையாளர் பார்க்க வேண்டும். மேற்பார்வையாளர் லியூ மெய்லின். முப்பது வயது இராது. தன் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்துவிட்டு வந்தவள். புத்தகத்தில் இருப்பது போலவே பேசுவாள். சந்தையில் 'இந்த மீன் புதியதா?' என்று கேட்டால் மீன்காரி சிரிப்பை அடக்க முந்தானையைக் கடிப்பாள். நல்ல பெண். நல்ல பெண் என்பதுதான் சிக்கல். எல்லாவற்றையும் நல்ல சொல்லில் மூடத் தெரிந்தவள்.

"மிகவும் வருந்துகிறேன், அக்கா," என்று மரீனாவிடம் கைகூப்பிவிட்டு மெய்லின் தாளை வாங்கினாள். வாசித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். முகம் வெளுத்தது.

"ஹூ ஜியன் நாடு திரும்பிவிட்டார் என்பது நம் செய்தி," என்றாள்.

"அந்தச் செய்தியை ஆர் எழுதினது?" என்று ஜெனிற்றா கேட்டாள்.



"பிள்ளை," என்றாள் மரீனா. "அவன்ர தாய்க்குத் தெரியுமோ?"

"உடல் அனுப்பப்பட்டது. உடல்நலக் குறைவு என்று சொல்லப்பட்டது." மெய்லின் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "நான்தான் தொலைபேசியில் சொன்னேன். அங்கே அவனுக்கு யாராவது இருந்தார்களா என்று அவர் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்."

"நாங்கள் இருந்தனாங்கள்," என்றாள் மரீனா.

அறைக்குள் சுவரில் இருந்த கேட்பான் மட்டும் ஜெனிற்றாவின் குரலில் சமையல் குறிப்புச் சொல்லிக்கொண்டிருந்தது. மெய்லின் போய் அதன் ஒலியைக் குறைத்தாள். பிறகு திரும்பி வந்து, "ஜெனிற்றா அக்கா, இவர்கள் எல்லோரும் உண்மையாகவே இறந்தவருக்கு உறவா? என்னிடம் நாளை கேட்பார்கள்," என்றாள்.

"உறவுதான்."

"யார் சொல்கிறார்?"

"செத்த வீட்டுக்காரி சொல்லுறன்," என்றாள் மரீனா. "எங்கட உறவை வேறை ஆர் வந்து சொல்லுறது?"

"அப்படியானால் உறவுமுறையில் நாங்கள் கைவைப்பதில்லை," என்று மெய்லின் தாளில் கையெழுத்திட்டாள். பேனாவை வைத்துவிட்டு, "அக்கா, வாசித்து முடிந்ததும் உங்களை இங்கே வைத்திருக்க மாட்டார்கள். குரலையும் தரமாட்டார்கள். உங்களுக்கு விளங்குகிறதா?" என்று கேட்டாள். ஜெனிற்றாவுக்கு விளங்கியது. காலையில் றொபின் பாயில் உட்கார்ந்திருந்த மாதிரிதான் கண்ணுக்குள் நின்றது. அவள் ஒலிவாங்கிக்கு முன் போய் உட்கார்ந்தாள்.

தடிமன் பிடித்த குரலில், இரண்டு இடத்தில் தும்மலை அடக்கிக்கொண்டு வாசித்தாள். அது உயிருள்ள வாய் என்று ஊருக்கு அதிலேயே தெரிந்தது.

"...அன்னார், தாழைக்குடாவைச் சேர்ந்த காலஞ்சென்ற அமலதாஸ், கோரைமுனையைச் சேர்ந்த காலஞ்சென்ற கிளின்ரன், சிப்பித்திடலைச் சேர்ந்த காலஞ்சென்ற நிக்சன், உப்பாற்றடியைச் சேர்ந்த காலஞ்சென்ற யூட் மரியான், சீனாவின் பூஜியனைச் சேர்ந்த காலஞ்சென்ற ஹூ ஜியன் ஆகியோரின் அன்புச் சகோதரரும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்."

இதமாக்கி ஒரு மூச்சு நேரம் காது கொடுத்தது. உறவுமுறை. விட்டுவிட்டது.

தாழைக்குடாவில் அமலதாசின் தகப்பன் சோற்றுக் கோப்பையோடு எழுந்து நின்றாராம். "டெனிஸ்ரன் ஆரடி?" என்று மனைவியிடம் கேட்டாராம். "எங்கட பெடியனுக்கு முரல்துறையிலை எங்காலை சகோதரம்?" மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆரெண்டால் என்ன, பேர் சொல்லிப்போட்டினம். போகவேணும்," என்றாளாம். அதுதான் எங்கள் சனம். காரணம் பிறகு கேட்பார்கள். முதலில் சேலையை மாற்றுவார்கள்.

மறுநாள் மரீனாவின் வளவு கொள்ளவில்லை. நாலு ஊர்ச் சனமும் வந்து, முன்பின் தெரியாத செத்த வீட்டில், முறைப்படி தலைமாட்டில் நின்று அழுதது. அழுது முடிந்து பந்தலுக்குக் கீழ் தேத்தண்ணீர் குடிக்கும்போது கதை தொடங்கியது.

"உங்கட பெடியன் எப்பிடி?"

"சீற்றமெண்டு சொன்னாங்கள். ஆனால் படகு இரண்டாப் பிளந்து கிடந்தது."

"பிளந்தோ? எங்கட படகும் அப்பிடித்தான்!"

"எங்கை? வாயிலையோ?"

ஒரு கோப்பை தேத்தண்ணீர் ஆறுவதற்குள் பந்தல் முழுக்க அடங்கிப்போயிற்று. இத்தனை நாளும் தனித்தனி வீட்டில் தனித்தனியாக மூடி வைத்த சாவுகள் ஒரே இடத்தில் எழுந்து நின்றன. சிப்பித்திடல் நிக்சனின் மனைவி ஜெனிற்றாவைத் தேடி வந்தாள். அடிக்கப்போகிறாளோ என்றுகூட ஜெனிற்றா நினைத்தாள். அவள் ஜெனிற்றாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்டைக்கே சொல்லியிருக்கலாம் அக்கா," என்றுமட்டும் சொன்னாள். "ஓமடி. சொல்லியிருக்கலாம்," என்று ஜெனிற்றா அழுதாள்.

சவம் புதைக்கிற சேமக்காலை குடாவுக்கு அக்கரையில். துறைமுகம் பழைய வீதியை விழுங்கிய பிறகு முரல்துறைச் சவங்கள் படகில்தான் போகும், அந்த வாயைக் குறுக்கே கடந்துதான். வழக்கமாக நாலைந்து படகு. அன்றைக்கு நாலு ஊர்ப் படகும் இறங்கின. யாரும் கூப்பிடவில்லை, யாரும் திட்டம் போடவில்லை. சகோதரனின் சவம் போகும்போது சகோதரம் வீட்டில் இருக்க முடியுமா? கறுப்புக் கொடி கட்டி, சவப்பெட்டி வைத்த படகைச் சுற்றி, பக்கத்துப் படகை எட்டித் தொடுகிற நெருக்கத்தில் குடா முழுக்கப் படகு. முன்னால் றொபின் சுக்கான் பிடித்தான். ஜெனிற்றா பெட்டியின் பக்கத்தில் மரீனாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வாயின் நடுவுக்கு வந்தபோது கப்பல் வந்தது.

சத்தம் இல்லை. சுவருக்கு அப்பால் ஒரு நிழல் நகர்ந்தது. பிறகு வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு முன்பக்கம் திரும்பியது. பெண்கள் குழறினார்கள். "மாதாவே! திருப்புங்கோ, திருப்புங்கோ!" என்று ஜெனிற்றா கத்தினாள்.

"எங்கை திருப்புறது? சுத்திவரப் படகு!" றொபினின் குரல் உடைந்தது. "ஒருத்தரும் விலகாதேங்கோ! ஒட்டி நில்லுங்கோ!"

ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. பயத்தில் வந்த சொல். ஆனால் படகுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அணியத்தில் அணியம் உரசியது. ஆட்கள் அடுத்த படகின் விளிம்பைக் கையால் பிடித்துக்கொண்டார்கள். கப்பல் வந்தது, வந்தது. தண்ணீர் பின்னோக்கி இழுபடுவது தெரிந்தது. பிறகு அதன் வயிற்றுக்குள் ஏதோ உறுமி, பக்கவாட்டில் நுரை தள்ளி, வேகம் குறைந்து, குறைந்து, ஒரு கூப்பிடு தூரத்தில் நின்றது. பிறந்ததிலிருந்து அந்தக் கப்பல் அங்கே நின்றதில்லை.

காரணத்தை மெய்லின் பிறகு சொன்னாள். தனிப் படகு அந்தக் கப்பலின் கணக்கில் ஓர் அலை. அலைக்காக நின்றால் துறைமுகம் நடக்காது என்று அப்படிப் பழக்கியிருந்தார்கள். நூறு படகு ஒட்டி நின்றபோது அதன் கணக்கில் அது கரை. கரை மீது ஏறக்கூடாது என்பது மட்டும் அதற்கு நன்றாகத் தெரியும்.

அன்று சவம் அக்கரை போய்ச் சேர்ந்தது. படகுகள் வாயை விட்டு விலகவில்லை. பின்னால் வந்த கப்பல்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. குழுமத்து அதிகாரிகள் வந்தார்கள், காவல்துறை வந்தது, அமைச்சர் ஒருவரும் வந்து கைகூப்பினார். "என்ன போராட்டம் இது?" என்று கேட்டவர்களிடம், "போராட்டமோ? செத்த வீடு," என்றார் அமலதாசின் தகப்பன். எட்டாம் நாள் செய்கிற எட்டுச் செலவு முடியும்வரை துக்கம் காப்பது வழக்கம் என்று பதில் போனது. எட்டு நாள் கப்பல் நிற்பதா? மூன்றாம் நாளே குழுமம் இறங்கி வந்தது. வாய்க்கு வெளியே கப்பல் வேகம் குறைக்கும், விளக்கு எரியும், ஊதும், உள்ளூர் ஆள் ஒருவர் ஏறி நின்று கூட்டிவருவார். இதை எழுத்தில் வாங்கிய பிறகுதான் கறுப்புக் கொடி இறங்கியது.

ஜெனிற்றாவுக்கு வேலை போனது. குரலும் போனது. இப்போதும் காலையில் சுவருக்குள் இருந்து அது சாதனைகளைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் ஒரு மாற்றம். சந்தையில் யாராவது செய்தி சொன்னால், "ஆர் சொன்னது? ஜெனிற்றாவோ, ஜெனிற்றான்ர பெட்டியோ?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அதைக் கேட்கிற நாளில் அவள் மனம் குளிர்ந்து இரண்டு கருவாடு கூடுதலாக வாங்குவாள்.

றொபின் கடலுக்குப் போகிறான். வாயில் கப்பல் ஊதும் சத்தம் கேட்கும்போது ஊரில் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு திட்டுவார்கள். சனியன், பிள்ளை எழும்பப்போகுது என்பார்கள். ஜெனிற்றா திட்டுவதில்லை. அவளுக்கு அது கேட்டால்தான் சோறு இறங்கும்.

ஒரு மாலை அப்படி அவள் சோற்றுக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தபோது, சுவருக்குள் இருந்து பழக்கமில்லாத குரல் ஒன்று வந்தது. தடுக்கித் தடுக்கி, புத்தகத் தமிழில், லியூ மெய்லின் மரண அறிவித்தல் வாசித்தாள்.

"சீனாவின் பூஜியன் மாகாணத்தைப் பிறப்பிடமாகவும் முரல்துறையை வதிவிடமாகவும் கொண்ட ஹூ ஜியன், சென்ற மாரிக்காலத்தில் காலமானார். அன்னார், ஹூ குவோசெங், லின் யூமெய் தம்பதியரின் அன்பு மகனும், காலஞ்சென்ற டெனிஸ்ரனின் பாசமிகு தம்பியும், மரீனாவின் அன்புக் கொழுந்தனும்..."

றொபின் சாப்பிடுவதை நிறுத்தினான். ஜெனிற்றாவுக்குக் கண்ணீர் கோப்பையில் விழுந்தது.

அடுத்த ஞாயிறு மெய்லின் ஜெனிற்றாவின் வீட்டுக்கு வந்தாள். மரீனாவும் அங்கேதான் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். மெய்லின் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கைப்பேசியை எடுத்தாள்.

"அக்கா, அறிவித்தலை அவன் அம்மாவுக்கு அனுப்பினேன். எல்லாவற்றையும் சொன்னேன். உடல்நலக் குறைவு இல்லை என்றும் சொன்னேன். என்னை மிகவும் திட்டினார். பிறகு இரண்டு நாள் பேசவில்லை." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "நேற்று ஒரு செய்தி அனுப்பினார். அறிவித்தலில் பெயர் வந்தால் வர வேண்டும் என்பது உங்கள் வழக்கம் என்று நான் எழுதியிருந்தேன். அவர் கேட்கிறார்: என் பெயரும் வந்ததே, நான் வரலாமா?"



"இதென்ன கேள்வி? வரச்சொல்லு!" என்றான் றொபின். "எங்கட வீட்டிலை தங்கட்டும். அறை சும்மா கிடக்குது."

"உங்கட வீட்டிலையோ?" மரீனா கத்தியை வைத்துவிட்டு எழும்பினாள். "நல்ல கதை! அவன் சாப்பிட்டது என்ர வீட்டுச் சோறு. அவன்ர தாய் உங்கட வீட்டிலை தங்கினால் சனம் என்னை என்னெண்டு கதைக்கும்?"

"சரி சரி, ஒரு கிழமை அங்கை, ஒரு கிழமை இஞ்சை..." என்று ஜெனிற்றா சமாதானம் பேசப் போனாள்.

"ஒரு கிழமையும் இல்லை. பிள்ளை, நான் சொல்லுறதை அப்பிடியே எழுது," என்று மரீனா மெய்லினின் பக்கம் திரும்பினாள். மீன் செதிள் ஒட்டிய கையைத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "வந்து இறங்கினவுடனை முதல்லை என்ர வீட்டை வரட்டும். என்னோடை இருந்து அழட்டும். அவவுக்கு அழுறதுக்கு ஒருத்தரும் இல்லாமல் இவ்வளவு நாளும் இருந்திருக்கிறா. பேந்து எங்கை வேணுமெண்டாலும் தங்கட்டும்."

மெய்லின் குனிந்து எழுதினாள். நேரம் எடுத்தது. நடுவில் ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுதி முடித்ததும், அனுப்புமுன் அதைச் சீனத்தில் சத்தமாக வாசித்துக் காட்டினாள். ஜெனிற்றாவுக்கும் றொபினுக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. மரீனா மட்டும் கடைசிவரை தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ஓம், சரியாத்தான் எழுதியிருக்கிறாள். அனுப்பு," என்றாள்.